இரண்டு என்று எழுதியிருந்த ஒன்று

அந்தத் துணை மின்நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் புழங்கியது. மற்றபடி கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து செயற்பொறியாளர் வரை எல்லோருக்கும் அவள் ‘ஆனாலும் அக்கா’. மேலதிகாரி ஒருவர் வந்து அரைமணி நேரம் பேசிவிட்டு, “என்ன, எல்லாம் சரிதானே?” என்று கேட்டால், சுற்றி நிற்பவர்கள் பூம்பூம் மாட்டைப் போலத் தலையாட்டுவார்கள். இவளும் ஆட்டுவாள். ஆட்டி முடித்த கையோடு, “ஆனாலும் சார்...” என்று ஆரம்பிப்பாள். அதிகாரியின் முகம் புளியைக் கடித்த மாதிரி ஆகிவிடும்.

ஷிப்ட் வேலைக்கு அங்கே வந்த முதல் பெண் அவள்தான். அது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லையே என்று வந்த முதல் வாரமே விண்ணப்பம் கொடுத்தாள். நிர்வாகம் எட்டு மாதம் ஆழ்ந்து யோசித்தது. பிறகு ஒருநாள் பெயிண்டர் வந்து, ‘ஆண்கள்’ என்றிருந்த பலகையை அழித்து ‘பொது’ என்று எழுதிவிட்டுப் போனார். கோப்பில் ‘குறை களையப்பட்டது’ என்று முத்திரை விழுந்தது. பலகையை மாற்றி எழுதினால் உலகம் மாறிவிடும் என்பதில் தன் துறைக்கு எவ்வளவு பக்தி என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

கன்ட்ரோல் ரூமில் சாம்பல் நிற இரும்புப் பலகைகள் வரிசையாக நிற்கும். அவற்றில் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன விளக்குகள்; சிவப்பு எரிந்தால் மின்சாரம் ஓடுகிறது, பச்சை எரிந்தால் நின்றுவிட்டது. நடுவில் ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, காலண்டர் அளவுக்குப் பெரிய பதிவேடு. பக்கத்து அறையிலிருந்து பேட்டரி அமிலத்தின் வாடை லேசாக வந்துகொண்டே இருக்கும். மணிக்கொரு தரம் மீட்டர்களைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதனால் அவள் நன்றாக வேலை செய்த நாட்களிலெல்லாம் அவள் வேலை செய்ததே யாருக்கும் தெரியவில்லை.

ஊர் பெரியது. ஒன்றரை லட்சம் பேர். அத்தனை பேருக்கும் மின்சாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய நிலையத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் கடந்து வந்தது. துறையில் தடிமனான கையேடு ஒன்று உண்டு. மின் அமைப்பின் பாதுகாப்பும் நம்பகமும் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் வரி வரியாகப் போட்டிருக்கும். அதன் தலையாய விதி, எந்த ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும் என்பது. அருமையான விதி. இந்த ஊருக்கு இரண்டு லைன்கள் வந்தன. ஒன்று அறுந்தால் மற்றொன்று ஊர் முழுவதையும் சுமக்கும். ஆகவே ஊர் தேர்ச்சி பெற்றது. முதல் தரச் சான்றிதழ் கண்ணாடி போட்டுக் கன்ட்ரோல் ரூம் சுவரில் தொங்கியது.

ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த இரண்டு லைன்களும் ஒரே டவர் வரிசையில்தான் வந்தன. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. டவர் விழுந்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு விழும்.

இதைத்தான் அவள் முதல் கடிதத்தில் எழுதினாள். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘கையேட்டில் லைன்களின் எண்ணிக்கையே கணக்கில் கொள்ளப்படுகிறது. டவர்களின் எண்ணிக்கை அல்ல. தங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது.’

அன்று சாயங்காலம் கடையில் கணவரிடம் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். அவர் தையற்காரர். வாயில் இரண்டு குண்டூசிகளை வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு ஊசிகளை எடுத்துவிட்டு, “ரெட்டைத் தையல் போட்டேன்னு சொல்லிட்டு ஒரே நூல்ல போட்டா, ஒரு முனைய இழுத்தா ரெண்டும் வந்துடும். இது என் கடைக்கு வர்ற குழந்தைக்குக்கூடத் தெரியுமே,” என்றார்.

“குழந்தைங்களைக் கையேடு எழுத விடறதில்லைங்க,” என்றாள் அவள்.

அதோடு விட்டிருந்தால் அவள் ஆனாலும் அக்கா இல்லையே. தினமும் பேருந்தில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, கரையோரம் நின்ற ஒரு டவரைப் பார்த்துக்கொண்டே போவாள். செங்கல் சூளைக்காரர்கள் அதைச் சுற்றி மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் வருடம் டவரின் காலடி தெரிந்தது. இரண்டாம் வருடம் அடித்தளக் கான்கிரீட்டின் பக்கவாட்டுத் தெரிந்தது. மூன்றாம் வருடம் ஒரு கால் ஈறிழந்த பல் போல மண்ணைவிட்டு வெளியே நின்றது. அவள் எழுதினாள். லைன் பிரிவு, அது மண் பிரச்சினை என்று பதில் போட்டது. மண்ணுக்குப் பொறுப்பான அலுவலகம், அது மின்சாரப் பிரச்சினை என்று பதில் போட்டது. மறுபடி எழுதியபோது லைன் பிரிவு மனம் இரங்கி விளக்கம் தந்தது: ‘ஒரு லைன் பாதிக்கப்பட்டாலும் இரண்டாவது லைன் இருப்பதால் கவலைக்கு இடமில்லை.’

பதினோரு கடிதம் ஆயிற்று. பதினோராவது கடிதத்துக்குப் பதிலாக, தலைமையகம் ஒரு குழுவையே அமைத்துவிட்டது. பெயர் ‘பாதுகாப்பு, நம்பகத் தரங்கள் மறுசிந்தனைக் குழு’. அதற்கு முன் சிந்தித்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. குழு முதல் நான்கு கூட்டங்களில் தனக்கான சின்னத்தைத் தேர்ந்தெடுத்தது. ஐந்தாவது கூட்டத்தில், முன்மாதிரியான ஊர் ஒன்றை நேரில் பார்த்து வரலாம் என்று முடிவு செய்தது. சான்றிதழ் பெற்ற ஊர்களின் பட்டியலில் இவள் ஊர்தான் முதலில் இருந்தது.

குழுத் தலைவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். உயர்ந்த பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்த முகம். கூட வந்த மற்ற உறுப்பினர்களைச் செயற்பொறியாளர் சிற்றுண்டிக்கு அழைத்துப் போய்விட்டார். தலைவருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் அவர் மட்டும் கன்ட்ரோல் ரூமிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே நல்ல வெயில். ஓர் இலைகூட ஆடவில்லை.

“இந்த ஊர்ல போன வருஷம் கரண்ட் இருந்த நேரம் தொண்ணூத்தி ஒன்பது புள்ளி ஒன்பது எட்டு சதவீதம். பிரமாதம்மா,” என்றார் தலைவர், சான்றிதழைப் பார்த்தபடி.

“ஆமா சார். ஆனாலும்...”

அந்த ‘ஆனாலும்’ முடியவில்லை. பலகைகளில் ஒரே சமயத்தில் படபடவென்று சத்தம். இரண்டு லைன்களின் சிவப்பு விளக்கும் அணைந்து பச்சை எரிந்தது. மின்விசிறி மெதுவாகி நின்றது. அபாய மணி காதைப் பிளந்தது. மணி பத்து நாற்பது.

அவள் மணியை நிறுத்தினாள். அறை திடீரென்று கிணறு மாதிரி ஆயிற்று.

“எந்த லைன் போச்சு?” என்றார் தலைவர்.

“ரெண்டும் சார்.”

“ரெண்டும் போக முடியாதேம்மா. விதிப்படி...”

“விதிய யாரும் டவர்கிட்ட சொல்லல சார்.”

இரண்டு நிமிடத்தில் பெரிய நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஆற்றங்கரை டவர் சாய்ந்துவிட்டது. சாயும்போது பக்கத்து டவர் இரண்டையும் துணைக்கு இழுத்துக்கொண்டது. புயலில்லை, மழையில்லை, இடியில்லை. மூன்று வருடம் ஒற்றைக் காலில் தவம் இருந்துவிட்டு ஒரு நல்ல வெயில் நாளில் படுத்துவிட்டது. கம்பி ஆற்றில் கிடக்கிறது, சரிசெய்யக் குறைந்தது ஒரு நாள் ஆகும் என்றார்கள்.

அவள் முதலில் செய்தது இரண்டு லைன்களையும் தன் பக்கம் முழுக்கத் துண்டித்து, நிலத்தோடு இணைத்ததுதான். விழுந்த கம்பியை வேடிக்கை பார்க்க ஊரே கூடும். அதில் ஒரு சொட்டு மின்சாரம்கூடப் போகக் கூடாது. இரண்டாவதாகத் தன் கைபேசியை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

“உங்க தங்கச்சிக்கு மெஷின் நின்னிருக்கும். அந்தச் சின்ன சிலிண்டரை மாட்டுங்க. ரெண்டரை மணி நேரம் வரும். இன்னைக்குக் கரண்ட் வராது.”

“எப்ப வரும்?”

“இன்னைக்கு வராதுன்னு சொல்றேனே!”

அவள் நாத்தனாருக்கு நுரையீரல் நோய். இவர்கள் வீட்டோடுதான் இருந்தாள். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் ஓர் இயந்திரத்தோடு மூக்கில் குழாய் மாட்டி, நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். மூச்சுக்குத்தான் பஞ்சம், வாய்க்குப் பஞ்சமில்லை. அண்ணி வைத்த குழம்பிலிருந்து அண்ணி கட்டிய புடவை வரை எதுவும் அவள் வாயில் தப்பாது.

பதினோரு மணி ஐந்துக்கு மருத்துவமனை எலக்ட்ரீஷியன் கூப்பிட்டார். “அக்கா, எங்க ஜெனரேட்டர் இருபது நிமிஷம் ஓடிட்டு நின்னுடுச்சு. திரும்ப எடுக்கல.”

“வாரா வாரம் ஓட்டிப் பாக்கறீங்களே?”

“திங்கக்கிழமைதோறும் அஞ்சு நிமிஷம் ஓட்டுவோம். லோடு போடாம. விதில அப்படித்தான் இருக்கு. குறைமாசக் குழந்தைங்க வார்டுல பேட்டரி இன்னும் நாப்பது நிமிஷம் தாங்கும். ஆபரேஷன் ஒண்ணு பாதில நிக்குது.”

சுமையே தூக்காதவனை வாரந்தோறும் எடை பார்த்து, பலசாலி என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைபேசியைத் தலைவர் கையில் கொடுத்தாள்.

“சார், இதைப் பிடிங்க. ஆஸ்பத்திரி லைன். வைக்காதீங்க. அவர் என்ன சொன்னாலும் மணி போட்டு இந்தப் பதிவேட்டுல எழுதுங்க.”

இருபது வருடமாக மற்றவர்களை எழுதச் சொல்லியே பழகியவர், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டார்.

ஊரின் ஓரத்தில் ஒரு காகித ஆலை உண்டு. அதற்குச் சொந்தமாக நீராவியில் ஓடும் மின்னாக்கி இருந்தது. வெளியே என்ன நடந்தாலும் ஆலை தன்னைத் தானே துண்டித்துக்கொண்டு ஓடும். கையேட்டின்படி அந்த ஆலை ஒரு ‘நுகர்வோர்’. நுகர்வோர் மின்சாரம் வாங்கலாம், கொடுக்க முடியாது. ஆனால் கம்பிக்குக் கையேடு படிக்கத் தெரியாது. போகிற வழியில் வரவும் அதற்குத் தெரியும். ஆலையின் மின்னறைக்காரரை அவள் பதினோரு வருடமாகத் தொலைபேசியில் அறிவாள். முகம் பார்த்ததில்லை.

“எவ்வளவு தர முடியும்?” என்று கேட்டாள்.

“ஒரு பேப்பர் மெஷினை நிறுத்தினா அஞ்சு மெகாவாட். ஆனா வெளிய கரண்ட் விட்டா வெட்டற ரிலே ஒண்ணு எங்க பக்கம் இருக்கு.”

“அதைத் தூங்க வைங்க.”

“யார் சொன்னாங்கன்னு எழுதிக்கறது?”

“நான் சொன்னேன்னு எழுதிக்குங்க. இங்கயும் என் பேர்லதான் எழுதறேன்.”

“சரி. மெதுவா ஏத்துங்க. அரை அரை மெகாவாட்டா. ஒரேயடியா இழுத்தீங்கன்னா எங்க ஆளும் படுத்துடுவான்.”

அடுத்த சிக்கல் மருத்துவமனைக்குப் போகும் பீடர், அதாவது ஊருக்குள் போகும் கிளை லைன். அது ‘தடைபடாத பீடர்’ என்று புகழ் பெற்றது. புகழ் வந்த நாளிலிருந்து ஒவ்வொருவராக அதில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அதிகாரிகள் குடியிருப்பு, மனமகிழ் மன்றம், விருந்தினர் மாளிகை, கடைசியாகச் செயற்பொறியாளரின் மாமனார் வீடு. நாலரை மெகாவாட்டில் மருத்துவமனைக்கு ஒரு மெகாவாட்கூடத் தேவையில்லை. மீதியெல்லாம் நோயில்லாத நோயாளிகள். அத்தனையையும் ஏற்றினால் குடிநீர் நிலையத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரே இழுப்பில் ஆலையும் படுத்துவிடும்.

லைன்மேன் ஆறடி நாலங்குலம். எல்லோருக்கும் அவன் ‘ஏணி’.

“ஏணி, அஞ்சலகத்துக்கு முன்னாடி கம்பத்துல ஒரு சுவிட்ச் இருக்கில்ல? அதை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டுட்டு வா. ஆஸ்பத்திரி மட்டும் இந்தப் பக்கம் இருக்கணும்.”

“அக்கா, அந்தப் பக்கம் பூராப் பெரிய இடம்.”

“அதனாலதான் பூட்டும் எடுத்துட்டுப் போன்னு சொல்றேன்.”

ஏணி வண்டியை உதைத்துக் கிளம்பினான். அவள் ஊரின் பீடர்கள் ஒவ்வொன்றையும் கையால் துண்டித்து, துண்டித்ததைக் கண்ணால் பார்த்து, பிறகு ஆலைப் பாதையை இணைத்தாள். பதினொன்று முப்பத்தெட்டுக்குப் பலகையில் ஒரு முள் நடுங்கி மேலே ஏறியது. ஏணி கூப்பிட்டுச் சொன்னதும் மருத்துவமனையை ஏற்றினாள். முள் சற்று இறங்கி, மூச்சுப் பிடித்து நின்றது.

தலைவர் தொலைபேசியில் காதை அழுத்திக்கொண்டு, “வந்துடுச்சாம்! வந்துடுச்சாம்மா! கைதட்டறாங்க!” என்று கத்தினார். ‘11:44. மருத்துவமனைக்கு மின்சாரம் வந்தது’ என்று எழுதினார். எழுதிய வேகத்தில், பழக்கதோஷத்தால் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகு குடிநீர் நிலையத்தின் மோட்டார்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அவர் அத்தனையையும் எழுதினார், அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு உற்சாகமாக அவர் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்.

பன்னிரண்டு மணிக்குச் செயற்பொறியாளர் கூப்பிட்டார். “ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வந்துடுச்சாமே. குவார்ட்டர்ஸுக்கு ஏன் வரல? ரெண்டும் ஒரே பீடர்தானே?”

“காலைல வரைக்கும் ஒண்ணுதான் சார்,” என்றாள் அவள்.

ஏணி திரும்பி வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே மெல்லக் கேட்டான். “அக்கா, உங்க வீடு இருக்கற மார்க்கெட் பீடர்?”

“ஒன்பது மெகாவாட். இருக்கறது அஞ்சு.”

“பாதியாவது வெட்டி...”

“பாதியை ஏத்தினாலே தண்ணி மோட்டார் நிக்கும். வேண்டாம்.”

சொல்லும்போது குரல் கல் மாதிரிதான் இருந்தது. மேசைக்கடியில் அவள் கால்விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. மணி பன்னிரண்டே முக்கால். சிலிண்டர் ஒன்றேகாலுக்கு முடியும். கணவரைக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அவர் மூச்சிரைக்கப் பேசினார். வாடகை வண்டி பிடித்துத் தங்கையையும் இயந்திரத்தையும் மருத்துவமனைக்கே தூக்கி வந்துவிட்டாராம். தாழ்வாரத்தில் ஒரு பிளக் காலியாக இருந்ததாம். இப்போது அங்கே உட்கார்ந்து, வருகிற நர்ஸ்களிடமெல்லாம் தன் அண்ணி ஊருக்கே விளக்கேற்றிவிட்டு வீட்டை இருட்டாக்கின கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுப் பேட்டரி அறைக்குள் போய் ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு வந்து ஒரு மணி மீட்டர்களை எழுதினாள்.

முப்பத்தோரு மணி நேரம் கழித்துத் தற்காலிகக் கம்பங்கள் நட்டு ஒரு லைனைக் கொண்டுவந்தார்கள். ஊர் தப்பித்தது என்றுதான் அவளும் நினைத்தாள். மூன்றாம் நாள் ஏணி சொன்னான். அவள் தெருவுக்கு நான்கு தெரு தள்ளி ஓய்வு பெற்ற தட்டச்சு ஆசிரியர் ஒருவர் இருந்தாராம். அவர் வீட்டிலும் அதே மாதிரி இயந்திரம். சிலிண்டர் இல்லை. தனியாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டியபோது கரண்ட் போன அன்று மத்தியானம் இரண்டரை. மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நாலு மணிக்கு இறந்துவிட்டார்.

அன்று ராத்திரி அவள் கடித நகல்களை எடுத்துவைத்துப் படித்தாள். பதினோரு கடிதம் எழுதியிருக்கிறாள். டவரின் கால், கான்கிரீட், மண், லைன், மெகாவாட் எல்லாம் இருந்தது. ஊரில் யார் யார் ஒரு பிளக்கை நம்பி மூச்சு விடுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. தன் வீட்டில் ஒருத்தி இருந்தாள், அதனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

நாத்தனார் கட்டிலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தனை வருஷமா ‘ஆனாலும்’ சொல்லிச் சொல்லி என் மூச்சை வாங்குவ. அன்னைக்கு நிஜமாவே வாங்கிடுவியோன்னு பயந்துட்டேன்,” என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். “அந்த வாத்தியாரை எனக்குத் தெரியும் அண்ணி. மெஷின் பழுது பாக்கற கடைல ரெண்டு தடவை பாத்தேன். நாங்க ஒருத்தரையொருத்தர் பேர்கூடக் கேட்டுக்கல. மூச்சு மிச்சம் இருந்தாத்தானே கேக்கறதுக்கு.”

துறையின் அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. டவர் சாய்ந்தது ‘அசாதாரண நிகழ்வு’ என்று வகைப்படுத்தப்பட்டது. அசாதாரண நிகழ்வுகள் நம்பகக் கணக்கில் சேராது. ஆகவே அந்த வருடமும் ஊர் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது எட்டு. ‘உயிரிழப்பு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றிருந்தது. ஆசிரியர் நுரையீரல் நோயால் இறந்தார், மின்தடையால் அல்ல. இதைச் சொல்ல ஒரு மருத்துவரின் கடிதம் வேறு இணைத்திருந்தார்கள்.

அறிக்கையோடு அவளுக்கு ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பும் வந்தது. அங்கீகாரமில்லாத மூலத்திலிருந்து மின்சாரம் எடுத்தது. பாதுகாப்பு ரிலேயைச் செயலிழக்கச் சொன்னது. முன்னுரிமை நுகர்வோரை, அதாவது குவார்ட்டர்ஸை, துண்டித்தது. விசாரணை அதிகாரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் அறையில் உட்கார்ந்து, கன்ட்ரோல் ரூம் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். புரட்டினார். புருவம் ஏறியது.

“இது யார் கையெழுத்து?”

“மறுசிந்தனைக் குழுத் தலைவருடையது சார்.”

“எல்லாப் பதிவுலயும் இருக்கே?”

“ஆமா சார். ஒண்ணுகூட விடல. ரொம்ப நல்லா எழுதினார்.”

அதிகாரி பதிவேட்டை மெதுவாக மூடினார். அவளைத் தண்டித்தால் அந்தக் கையெழுத்தையும் தண்டிக்க வேண்டும். கடைசியில் ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்தது. மற்றொன்று சமயோசிதமாகச் செய்ததற்குப் பாராட்டியது. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே அதிகாரி.

தலைவர் மட்டும் உண்மையிலேயே கொஞ்சம் மாறியிருந்தார். குழுவின் அறிக்கை நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் முந்நூற்றுத் தொண்ணூறு பக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை. மிச்சத்தில் மூன்று விஷயம் இருந்தது. ஒரே டவரில் வரும் இரண்டு லைன் இனி ஒன்று என்றே எண்ணப்படும். ஜெனரேட்டரைச் சுமையோடுதான் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் மின்சாரம் நின்றால் உயிர் நிற்கும் வீடுகளின் பட்டியல் வைக்க வேண்டும். முதல் விதி அமலுக்கு வந்த காலையில், நாட்டிலிருந்த முதல் தர ஊர்களில் பாதி ஒரே நாளில் மூன்றாம் தரம் ஆயின. இடிந்தது எதுவுமில்லை, எண்ணிக்கை மட்டும் சரியானது. அந்த எண்ணிக்கைக்கு எதிராக உடனே ஒரு மேல்முறையீட்டுக் குழு அமைக்கப்பட்டது.

பட்டியல் எடுக்கும் வேலையை யார் செய்வது என்று கேள்வி வந்தபோது, தலைவர் அவளைக் கைகாட்டிவிட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஷிப்டிலிருந்து விடுவித்து, பதினான்கு ஊர்களைக் கொடுத்தார்கள். வண்டி கொடுக்கவில்லை. அவளும் ஏணியும் பேருந்தில் போனார்கள். மருந்துக் கடையில் கேட்டு, ஆக்சிஜன் சிலிண்டர் விற்கிறவரிடம் கேட்டு, மருத்துவமனை வாசலில் நின்று கேட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். யார் வீடு, என்ன இயந்திரம், பேட்டரி எவ்வளவு நேரம், கூட யார் இருக்கிறார்கள், எந்தப் பீடர், எந்தக் கம்பம், தூக்கிப்போக யார். நாத்தனார் கட்டிலில் இருந்தபடியே இயந்திரப் பழுதுக் கடைக்காரர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் குடைந்து, நாற்பது வீடுகளின் முகவரி வாங்கிக் கொடுத்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினேழு வீடு. கையேட்டில் அந்த இருநூற்றுப் பதினேழு பேரும் அதுவரை ஒரு மெகாவாட்டின் சில்லறையாகத்தான் இருந்தார்கள்.

ஒன்பதாவது ஊரில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறையில், கடிகாரம் பழுது பார்க்கிற ஒரு பெண்மணி இருந்தார். கணவர் படுக்கையில். வீட்டிலேயே டயாலிசிஸ் இயந்திரம். ஏணி தலையைக் குனிந்து உள்ளே வந்தும் வாசல் நிலையில் இடித்துக்கொண்டான். அந்த அம்மா படிவத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து முழுவதும் படித்தார்.

“இதுல பேர் எழுதிட்டா எங்களுக்குக் கரண்ட் போகாதா?” என்று கேட்டார்.

இருபத்தாறு வருடத்தில் யாரும் அவளிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. போகாது என்று சொல்வது சுலபம். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டலாம்.

“போகும்மா,” என்றாள். “என்னைக்காவது கண்டிப்பாப் போகும். போனா அரைமணி நேரத்துல உங்க வீட்டுக்கு யார் வரணும், எதை எடுத்துட்டு வரணும்னு எழுதறோம். அவ்வளவுதான்.”

அந்த அம்மா படிவத்தை மடியில் வைத்தார். ஏணியின் உயரத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“வர்றது இவர்தான்னா, நிலையில ஏதாவது துணி சுத்தி வைக்கணும்,” என்று சொல்லிவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கினார்.